பழைய வானொலியும் வால்வுப் பெயரிலக்கணமும்

தமிழ் கற்பிக்கும் நாம் வானொலிப் பெட்டியின் உட்புறத்தைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின் இப்பொருள் எம்மை வந்தடைந்தது ஓர் இலக்கண வகுப்பிலேயே. பகுபத உறுப்பிலக்கணம் நடந்துகொண்டிருந்த வேளையில், மாணவனொருவன் தன் பாட்டனாரின் வானொலியிலிருந்து கழற்றிய கண்ணாடி வால்வொன்றை மேசைமேல் வைத்து, "சேர், இதிலே இருக்கிற பேரையும் பிரிக்கலாமோ?" என வினவினான். அதன்மேல் 'யூ.எல். 84' என எழுதப்பட்டிருந்தது. அந்த வானொலியைக் கொண்டு, தலையில் அணிந்து கேட்கும் ஹெட்போனுக்கு உரிய பெருக்கியொன்றைச் செய்யப்போவதாகவும் அவன் கூறினான். அவ்வினாவுக்கு விடை தேடியபோது, பெயரின் முதலெழுத்தை அறியாது அவ்வேலையைச் செய்திருப்பின் அவன் உயிருக்கே இடர் நேர்ந்திருக்கும் என்பது தெளிவாயிற்று. அன்று நாமும் மாணவரும் கற்ற பாடத்தை ஈண்டு எழுதுகின்றோம்.

பெட்டியின் இரு கூறுகள்

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டிலே தொடங்கியது. பின்னர் 'றேடியோ சிலோன்' என்ற பெயர் வழங்கிய 1949 முதல் 1967 வரையான காலத்தில் வால்வு வானொலி பல இல்லங்களிலே மதிப்புக்குரிய இடம்பெற்றிருந்தது. திரான்சிற்றர் வந்தபின் அப்பெட்டிகள் பரணை அடைந்தன. மத்திய அலையிற் கேட்கத்தக்கவை அருகிவிட்ட இந்நாளில் அவற்றை மீண்டும் வானொலியாக்குவதால் வரும் பயன் சிறிதே.

எனினும் பெட்டி முழுவதும் பயனற்றதன்று. அதனுள் இரு கூறுகள் உள. முதற்கூறு வானலையைத் தெரிந்தெடுத்து அதிலிருந்து ஒலிக்குறியைப் பிரிப்பது. இரண்டாங்கூறு அவ்வொலிக்குறியைப் பெருக்கி ஒலிபெருக்கியை இயக்குவது. கையடக்கத் தொலைபேசியிலிருந்தோ இசைத்தட்டுக் கருவியிலிருந்தோ ஒலிக்குறி ஆயத்தமாகக் கிடைக்கும்போது முதற்கூறு வேண்டியதில்லை. இரண்டாங்கூறே போதும்.

பெருக்குந் தொழிலைச் செய்வது 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் ஆக்கிய மூவாய் வால்வின் வழிவந்த குழாயாகும். வெற்றிடக் குழாயினுள் சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு, நேர்மின் அழுத்தமுடைய அனோட்டை நோக்கி ஓடும். இடையிலுள்ள நெய்யரியில் ஏற்படும் சிறு மின்மாற்றம் அப்பேரோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளும். வாய்க்காலின் மடையை ஒரு கையாற் சிறிதளவு அசைக்க, வயலுக்குப் பாயும் நீர் பெரிதும் மாறுவதை இதற்கு ஒப்பிடலாம்.

பெயரைப் பிரித்தல்

ஐரோப்பிய வால்வுகளின் பெயர்கள் இடுகுறிப் பெயர்கள் அல்ல, காரணப் பெயர்களே. முதலெழுத்து, வால்வினைச் சூடாக்கும் இழைக்கு வேண்டிய மின்னைக் கூறும். 'ஈ' எனின் 6.3 வோல்ற்று. 'டீ' எனின் மின்கலத்தில் இயங்கும் 1.4 வோல்ற்று. 'யூ' எனின் 100 மில்லியம்பியர் ஓட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்படும் இழை.

அடுத்து வரும் எழுத்துக்கள் தொழிலைக் கூறும். 'பீ' இரட்டை இருவாய், 'சீ' மூவாய், 'எப்' ஐவாய், 'எல்' வலு மிகுந்த ஐவாய், 'எச்' அலைமாற்றும் பல்நெய்யரி வால்வு, 'வை' அரையலைச் சீராக்கி, 'இசெட்' முழுவலைச் சீராக்கி. இறுதியில் வரும் எண்ணின் 8 என்ற முதலிலக்கம் ஒன்பது ஊசியுடைய அடியைக் குறிக்கும்.

இனி, ஈ.சீ.எச். 81, ஈ.எப். 89, ஈ.பீ.சீ. 81, ஈ.எல். 84, ஈ.இசெட். 80 என்னும் ஐந்தும் ஒரு பெட்டியிற் காணப்படின், முதலிரண்டும் வானொலிக் கூற்றைச் சார்ந்தவை எனவும், ஈ.பீ.சீ. 81இலுள்ள மூவாயும் ஈ.எல். 84உம் ஒலியைப் பெருக்குபவை எனவும், இறுதியது மின்னைச் சீராக்குவது எனவும் சுற்றுப்படம் பாராமலே கூறலாம்.

முதலெழுத்தின் பொருள்

'யூ' வரிசை வால்வுகள், ஆடலோட்டம், நேரோட்டம் என்னும் இரண்டிலும் இயங்குமாறு செய்த மலிவான பெட்டிகளுக்கு உரியவை. யூ.எல். 84இன் இழைக்கு 45 வோல்ற்றும், சீராக்கியான யூ.வை. 85இன் இழைக்கு 38 வோல்ற்றும் வேண்டும். இவ்வாறு எல்லா இழைகளையும் தொடராகக் கோத்து, எஞ்சிய அழுத்தத்தைத் தடையொன்றில் வீழ்த்தி, சுவரிலுள்ள மின்னோடு நேரே இணைப்பர். இடையில் நிலைமாற்றி இல்லை. அதனால் வால்வுகள் நிற்கும் தகரச் சட்டகம் மின்கம்பிகளுள் ஒன்றோடு நேரே பொருந்தியிருக்கும். பிளக் மாறிச் செருகப்படின் சட்டகத்தில் 230 வோல்ற்று நிற்கும். மரப்பெட்டியும் பிளாத்திக்குத் திருகுகளும் கேட்போரைக் காத்தன. அச்சட்டகத்திலிருந்து கம்பியொன்றை இழுத்து ஒருவன் தன் தலையில் அணிவானாயின் அவனைக் காப்பது யாது?

ஆதலின் 'யூ' என்று தொடங்கும் வால்வுகளைக் கொண்ட பெட்டியை மாணவர் மாற்றியமைத்தலாகாது. அதனைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்க. 'ஈ' வரிசைப் பெட்டியையும் எழுத்தொன்றை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்ளற்க. இலக்கணத்திற் புறனடை இருப்பதுபோல இங்கும் உண்டு: சில பெட்டிகளில் 'ஈ' வால்வுகள் இருந்தும், ஒரே சுருளையுடைய தன்னிலைமாற்றி அமைந்திருக்கும், அது சட்டகத்தை மின்னிலிருந்து பிரிப்பதில்லை. பிளக்கைக் கழற்றி, பெட்டியின் ஆளியைப் போட்டு, பிளக்கின் ஊசிகளுக்கும் சட்டகத்துக்கும் இடையே ஓம்மானியால் அளந்தால் இணைப்பு எதுவும் காட்டலாகாது. அதன்பின் தகுதிபெற்ற மின்வேலையாளரைக் கொண்டு 500 வோல்ற்றுக் காவற் சோதனையும் செய்வித்தல் வேண்டும்.

பழுது நீக்கல்

மின்னைத் துண்டித்த பின்னரும் பெரிய ஒடுக்கிகளில் உயர் மின்னேற்றம் தங்கியிருக்கும். 10,000 ஓம் தடையொன்றைக் காவலிட்ட கம்பிகளாற் பிடித்து அதனை இறக்கி, அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும்.

மெழுகு பூசிய பழைய தாள் ஒடுக்கிகளை மாற்றுக. சிறப்பாக, மூவாயின் அனோட்டையும் ஈ.எல். 84இன் நெய்யரியையும் இணைக்கும் ஒடுக்கி சிறிது கசிந்தாலும் நெய்யரி நேர்மின் பெற்று, வால்வு சிவந்து, வெளியீட்டு நிலைமாற்றியும் எரிந்துபோகும். சீராக்கியை அடுத்த மின்பகு ஒடுக்கிகளையும் 450 வோல்ற்றுத் தாங்கும் புதியனவாக்குக. சுவர்மின்னுக்கும் சட்டகத்துக்கும் இடையே பழைய ஒடுக்கி இருப்பின் அதனை அகற்றுக. மூன்று கம்பி வடத்தைப் பூட்டிச் சட்டகத்தைப் புவியோடு இணைக்க.

முதன்முறை மின் கொடுக்கும்போது 60 உவாற்று இழைவிளக்கொன்றைத் தொடரில் வைத்தல் நன்று. விளக்கு ஒளிர்ந்து மங்கினால் நலம். ஒளி குன்றாது எரியின் உள்ளே குறுஞ்சுற்று உண்டு. ஈ.எல். 84இன் கதோட்டில் 135 ஓம் தடை இருக்குமாயின், 250 வோல்ற்று வேலையழுத்தத்தில் அதற்குக் குறுக்கே ஏறத்தாழ 7 வோல்ற்று இருத்தல் முறை.

மாற்றியமைத்தல்

ஈ.சீ.எச். 81ஐயும் ஈ.எப். 89ஐயும் கழற்றிவிடலாம். 'ஈ' வரிசையில் இழைகள் பக்கமாக இணைக்கப்பட்டிருப்பதால் ஏனையவை தொடர்ந்து எரியும். பெட்டியின் பின்புறத்தில் கிராமபோனுக்கென அமைந்த துளைகளே எமது உள்ளீடு. ஒலிக்குறி இடம், வலம் என இரண்டாக வருமாயின் ஒவ்வொன்றையும் 4,700 ஓம் தடைவழியே கொண்டுவந்து ஒன்றாக்குக. பெட்டி ஒன்றாதலின் இரு காதிலும் ஒரே ஒலியே கேட்கும்.

வெளியீடு நிலைமாற்றியின் துணைச்சுருளிலிருந்தே எடுக்கப்படல் வேண்டும். அனோட்டிலிருந்து ஒடுக்கிவழியே எடுக்கும் பழைய வழக்கத்தைக் கைக்கொள்ளற்க. அவ்வொடுக்கி பழுதுபட்டால் 250 வோல்ற்று காதுக்கே வந்துவிடும். ஒலிபெருக்கியை நீக்கிய இடத்தில் 5 ஓம், 10 உவாற்றுத் தடையொன்றை வைக்க வேண்டும். சுமையின்றி இயங்கும் ஐவாய் உயர் அழுத்தத்தை எழுப்பி நிலைமாற்றியின் காவலைத் துளைத்துவிடும்.

இனி ஒரு கணக்கு. 5 ஓமில் 5 உவாற்று எனின் வெளியீடு 5 வோல்ற்று. அதனை 32 ஓம் ஹெட்போனுக்கு நேரே கொடுப்பின் ஒரு காதுக்கு 780 மில்லியுவாற்று அளவில் வலு செல்லும். செவிக்கோ ஒரு மில்லியுவாற்றே பெரும்பாலும் மிகையான ஒலி. ஒவ்வொரு காதுக்கும் 330 ஓம் தடையொன்றைத் தொடரில் இட்டால் 5 வோல்ற்று 0.44 வோல்ற்றாகிறது; வலு 6 மில்லியுவாற்று அளவில் அடங்கும். சீராக்கியிலிருந்து எழும் 100 அதிர்வு உறுமலும் அதே அளவில், ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். ஒலியடக்கியைக் குறைத்துவைத்த பின்னரே ஹெட்போனை அணிக.

யூ.எல். 84ஐக் கொணர்ந்த மாணவன் அதனைக் கேட்டு முதலில் வாடினான். பாட்டனாரின் பெட்டியிலேயே செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டிற் கிடந்த 'ஈ' வரிசைப் பெட்டியை உவந்தளித்தார். அளந்து, சோதித்து, ஒரு தவணை முழுவதும் உழைத்து மாணவர் அதனை முடித்தனர். பாட்டனாரின் பெட்டியோ துடைக்கப்பட்டு, வால்வின் பெயரும் அதன் பிரிப்பும் எழுதிய அட்டையோடு எமது வகுப்பறை அலுமாரியில் இருக்கின்றது.

பொருள் உணராது சொல்லை ஆள்வதால் வரும் இழுக்கு பெரும்பாலும் தாளோடு நின்றுவிடும். இங்கே ஓர் எழுத்தின் பொருள் உயிரோடு தொடர்புற்று நின்றது. பரணில் பழைய பெட்டி வைத்திருக்கும் பழைய மாணவர் அதனைக் குப்பையிற் போடாது, முதற்கண் வால்வுகளின் பெயர்களைப் படித்துப் பார்ப்பாராக. 'ஈ' எனக் காணின் கல்லூரி மாணவருக்கு ஈவாராக.