அடுப்பிலிருந்து உலைக்கு வெப்பம் செல்லும் வழி

நம் கிராமங்களை விட்டு விறகடுப்பு இன்னும் மறைந்துவிடவில்லை. சமையல் எரிவாயு வந்துவிட்ட இல்லங்களிலும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், விசேஷ நாட்களில் பெருஞ்சமையல் செய்யவும் கொல்லைப்புறத்தில் ஓர் அடுப்பு இருப்பதைக் காண்கிறோம். அதன் புகை தாய்மார்களின் கண்களையும் நுரையீரலையும் கெடுக்கிறது. விறகு பொறுக்குவதிலும் சுமப்பதிலும் அவர்கள் பொழுது கழிகிறது. இவ்வளவு பாடுபட்டுக் கொணர்ந்த விறகின் வெப்பத்தில், மூன்று கற்களைக் கூட்டிய அடுப்பில், பத்தில் ஒரு பங்கையொட்டியே பானையைச் சேர்கிறது. எஞ்சியது எங்கே போகிறது?

குழம்பில் விட்டுவைத்த இரும்புக் கரண்டியின் காம்பு சிறிது நேரத்தில் கையைச் சுடும். கொட்டாங்கச்சி அகப்பையின் மூங்கிற்காம்போ சுடுவதில்லை. பொருள் நகராமல் வெப்பம் மட்டும் அதனூடே நகர்வதைக் கடத்தல் என்பர். உலோகங்கள் நன்றாகக் கடத்தும். மரமும் மண்ணும் அவ்வாறு கடத்தா. தணலுக்கு எதிரே கையை நீட்டினால் உடனே சுடுவது கதிர்வீச்சு. இவ்விரண்டும் எளிதில் விளங்குபவை.

தண்ணீரின் செய்திதான் வியப்புக்குரியது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய 400இல் ஒரு பங்கைத்தான் தண்ணீர் கடத்தும். கோடையில் ஏரியில் இறங்கிக் குளிப்போர், மார்பளவில் நீர் வெதுவெதுப்பாகவும் காலடியில் குளிர்ந்தும் இருப்பதை அறிவர். மேலிருந்து சூடேறும் நீர் கீழுள்ள நீருக்கு அதை எளிதில் கொடுப்பதில்லை. அப்படியாயின் உலை எவ்வாறு விரைவில் கொதிக்கிறது? பானையின் அடியில் சூடேறிய நீர் விரிந்து, இலேசாகி மேலே எழும்புகிறது. குளிர்ந்த நீர் அதன் இடத்திற்கு இறங்குகிறது. நீரே வெப்பத்தைச் சுமந்துகொண்டு சுற்றிவருகிறது. இதுவே வெப்பச் சலனம்.

இதைக் கண்ணாரக் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் ரம்போர்டு பிரபு. 1753இல் அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் பவேரியா நாட்டில் பணிபுரிந்த இவர், ஏழைகளுக்கான சமையற்கூடங்களில் விறகைச் சிக்கனப்படுத்த முயன்றவர். சாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றை ஆறுவதற்காகச் சன்னலருகே வைத்திருந்தபோது, திரவத்திலிருந்த தூசிகள் நடுவில் மேலெழுவதையும் ஓரங்களில் கீழிறங்குவதையும் கண்டார். மற்றொரு முறை, ஆறிவிட்டதென்று எண்ணிக் கெட்டியான அரிசிக் கஞ்சியை உண்ணப் புகுந்து, ஆழத்திலிருந்து எடுத்த கரண்டியால் வாயைச் சுட்டுக்கொண்டார். கஞ்சியின் கெட்டித்தன்மை நீரின் ஓட்டத்தைத் தடுத்ததால் உள்வெப்பம் வெளியேறவில்லை என்பதை அவர் உணர்ந்தார். திரவங்கள் வெப்பத்தை அறவே கடத்தா என்று 1797இல் அவர் முடிவு கட்டியது மட்டும் பிழை. மிகக் குறைவாகவேனும் அவை கடத்தவே செய்கின்றன.

கேழ்வரகுக் களி கிண்டும் தாய்மாருக்கு ரம்போர்டின் பாடம் புதிதன்று. மாவு கெட்டியானதும் சலனம் நின்றுவிடுகிறது. அடியிற் சேரும் வெப்பம் மேலேற வழியின்றி அங்கேயே தங்கிக் களியைத் தீய்க்கிறது. நீர் தானே செய்துவந்த வேலையை இப்பொழுது துடுப்பு செய்யவேண்டியிருக்கிறது. ஆகையால் கெட்டிப்பட்ட பிறகு தீயைத் தணித்துக் கிண்டுவதே முறை.

இனி, உலை கொதித்த பின்னும் விறகைத் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பார்ப்போம். திறந்த பாத்திரத்தில் நீர் சுமார் 100 பாகைக்கு மேல் சூடேறாது. எவ்வளவு எரித்தாலும் அரிசி அதனால் விரைந்து வேகாது. மிகுந்த வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். அதே நீரை முழுதும் ஆவியாக்க ஏறத்தாழ 540 வேண்டும். எனவே, வீணே 130 மில்லிலிட்டர் நீர் ஆவியாகிப் போனால், இன்னொரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்திருக்கக்கூடிய வெப்பம் போயிற்று. மூடியிட்டுத் தீயைக் குறைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

புகைபோக்கியும் சலனத்தால் இயங்குவதே. குழாயிலுள்ள சூடான காற்று வெளிக்காற்றைவிட இலேசானதால் மேலே செல்ல, வாயில் வழியே புதுக்காற்று உட்புகுகிறது. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகையற்ற சமையலறை பற்றி 1953இல் நூல் வெளியிட்டார். ஆயினும் புகைபோக்கி இருப்பதாலேயே விறகு மிச்சமாகிவிடும் என்று நாம் கருதலாகாது. இழுப்பு மிகுந்தால் பானையைத் தொடுமுன்னரே வெப்பம் குழாய்வழி ஓடிவிடும். கரி படிந்து அடைத்தால் புகை மீண்டும் வீட்டுக்குள் திரும்பும். புகையற்ற அடுப்புகள் பல கைவிடப்பட்டதற்கு இவ்வடைப்பும் ஒரு காரணம்.

விறகைக் குறைக்க மற்றொரு வழி, வைக்கோற்பெட்டி. அசையாத காற்று தண்ணீரைக் காட்டிலும் சுமார் இருபதில் ஒரு பங்கே வெப்பத்தைக் கடத்தும். வைக்கோல் தன் இடுக்குகளில் அக்காற்றை அசையவிடாமல் பிடித்துவைக்கிறது. பெட்டியிலோ கூடையிலோ நாற்புறமும் அடியிலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் உலர்ந்த வைக்கோலைத் திணித்து நடுவே குழி செய்க. அளவாக நீர்விட்ட அரிசி ஐந்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும், மூடியை எடுக்காமல் பானையை அதில் இறக்கி, மேலே வைக்கோலடைத்த தலையணையை வைத்து அழுத்துக. ஒரு மணி நேரத்திற்குப் பின் திறந்தால் சோறு வெந்திருக்கும். பானையின் அடியில் தணல் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்த பின்னரே வைக்கோலில் வைக்க வேண்டும். வெந்த உணவை இரவு முழுதும் அதிலேயே விட்டுவைத்தலும் கூடாது. வெதுவெதுப்பில் அது விரைவில் கெட்டுவிடும்.