ஒரு கீபோர்டு, இரு தடங்கள்

ஆர்மோனியம் வாசிப்பவருக்குக் கைகள் இரண்டு இருந்தும், பாடுவது ஒரு கைதான். இடக்கை துருத்தியை இயக்கிக்கொண்டிருக்க, வலக்கை மட்டுமே கட்டைகளின் மேல் ஓடும். மின்னணுக் கீபோர்டு வந்த பிறகு அந்த இடக்கைக்கு விடுதலை கிடைத்தது. துருத்தியின் வேலையை மின்சாரம் ஏற்றுக்கொள்ள, இடக்கையும் இசைக்கப் புறப்பட்டது. அவ்வாறு புறப்பட்ட ஓர் இடக்கையை, வலக்கையிலிருந்து பிரித்துத் தனித் தடத்தில் சேர்த்த அனுபவத்தையே இங்கு நண்பர்களுக்கு ஒரு பாடமாகக் கூற விழைகிறேன்.

தேவை எழுந்த விதம்

தரங்கம்பாடியில் எனக்குக் கீபோர்டு கற்றுத் தந்தவரை ஊரார் 'மாஸ்டர்' என்றே அழைப்பர். கிறிஸ்துமஸ் பாடலாயினும், அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரியாயினும், கலியாண வரவேற்பாயினும் அவர் ஒருவரே இருவர் வேலையைச் செய்வார். இடக்கையில் பேஸ் கிதார் ஒலி; வலக்கையில் புல்லாங்குழல் ஒலி. சென்ற ஆண்டு பக்கவாதம் தாக்கி, அவருடைய இடக்கை செயலிழந்தது. வலக்கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், "ஒத்தக் கையால என்னத்தத் தம்பி வாசிக்கிறது?" என்று கூறிக் கருவியை உறையிட்டு மூடிவிட்டார்.

நோய்க்கு முன் அவர் வாசித்த பாடல் ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. அதிலிருந்து பேஸ் ஒலியை மட்டும் எடுத்துவிட்டால், அதன்மேல் அவர் வலக்கையால் வாசிக்கலாம் அல்லவா? கலந்த ஒலியைப் பிரிக்கும் மென்பொருள்கள் இன்று உண்டு, முயன்று பார்த்தேன். பேஸ் வந்தது, குழலின் நிழலும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகுதான் மாஸ்டரின் ஒர்க்ஸ்டேஷனுக்குள்ளேயே அதே பாடல் சேமிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன்.

ஒலி வேறு, செய்தி வேறு

ஒர்க்ஸ்டேஷன் என்பது சிந்தசைசரும், வாசிப்பைப் பதியும் சீக்குவென்சரும், எதிரொலி முதலிய மெருகுகளும் ஒன்றாய் அமைந்த கீபோர்டு. 1988-இல் வெளிவந்த கோர்க் எம்1 இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. அதன் சீக்குவென்சரில் 8 தடங்கள் இருந்தன.

சீக்குவென்சர் ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுந்தியது, எப்போது விடுபட்டது என்னும் செய்திகளையே பதிகிறது. அச்செய்திகளின் பொதுமொழி மிடி. 1983-இல் இரு வேறு நிறுவனங்களின் கருவிகளை இம்மொழியால் இணைத்து அமெரிக்காவில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் இயக்கிக் காட்டினர். மிடிக் கம்பியில் நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்கின்றன. ஒரு பைட்டுக்கு 10 பிட்டுகள். ஒரு கட்டை அழுந்திய செய்திக்கு 3 பைட்டுகள். ஆகவே ஒரு செய்தி சென்று சேர ஆகும் காலம் 0.96 மில்லிநொடி. கணக்கிட்டுப் பாருங்கள்.

இவ்வேறுபாட்டை விளக்க எங்கள் ஊரே உவமை தரும். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் தமிழில் அச்சாகி முடிந்தது. தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட வேலை அது. கோத்த நிலையில் பிழையான எழுத்தை மட்டும் எடுத்து மாற்றலாம்; தாளில் ஏறிய மையை அவ்வாறு எடுக்க இயலாது. என் கைப்பேசிப் பதிவு அச்சேறிய தாள்; சீக்குவென்சரில் இருந்ததோ கோத்த எழுத்து.

எல்லைக்கட்டை

ஒரே கீபோர்டை இரு பகுதியாக்கி வேறு வேறு ஒலி அமைப்பதை 'ஸ்பிளிட்' என்பர். 61 கட்டைகள் உள்ள கருவியில் மிடி எண்கள் 36 முதல் 96 வரை. நடுக்கட்டையின் எண் 60. அங்கே பிரித்தால் 36 முதல் 59 வரை 24 கட்டைகள் பேஸுக்கு. 60 முதல் 96 வரை 37 கட்டைகள் குழலுக்கு.

கல்லணையில் காவிரி நீர் வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவது போன்றது இது. மிடியிலும் 16 சேனல்கள் உண்டு. சேனல் என்றால் நம் வயற்காட்டு மொழியில் வாய்க்கால்தானே! மாஸ்டரின் கருவியில் இரு ஒலிகளையும் ஒரே சேனலில் வைத்திருந்ததால், இரு கை ஸ்வரங்களும் ஒரே தடத்தில் விழுந்திருந்தன. இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால்.

பிரிக்கும் முறைகள்

முதல் முறை: முதலில் இடக்கையை மட்டும் ஒரு தடத்தில் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே வலக்கையை மற்றொரு தடத்தில் பதிவது. எளிது; ஆனால் இரு கைகளும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகும் உயிரோட்டம் குறையும்.

இரண்டாம் முறை: கருவி இடம் தந்தால் இரு பகுதிகளுக்கும் வெவ்வேறு சேனல் கொடுத்து, பல தடப் பதிவில் ஒரே நேரத்தில் வாசிப்பது. இதுவே சிறந்தது.

மூன்றாம் முறை: ஏற்கெனவே ஒரே தடத்தில் பதிந்ததைப் பின்னர் பிரிப்பது. எனக்கு வாய்த்தது இதுதான். முதலில் பாடலுக்கு ஒரு நகல் எடுத்து மூலத்தைத் தொடாமல் வைத்தேன். நகலில் முதல் தடத்தை இரண்டாம் தடத்திற்குப் படியெடுத்தேன். முதல் தடத்தில் 60 முதல் 127 வரை உள்ள ஸ்வரங்களை அழித்தேன்; இரண்டாவதில் 0 முதல் 59 வரை அழித்தேன். பின் முதல் தடத்திற்கு 1-ஆம் சேனலும் பேஸ் ஒலியும், இரண்டாவதற்கு 2-ஆம் சேனலும் குழல் ஒலியும் கொடுத்தேன்.

மிடி வசதி இல்லாதோர்க்கும் ஒரு வழி உண்டு. பேஸை முழுதும் இடப்பக்கமும் குழலை முழுதும் வலப்பக்கமும் ஒலிக்கவைத்து, இரு பக்கங்களையும் இரு தடங்களில் பதியலாம். எதிரொலியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்; அது இரு பக்கமும் பரவிக் காரியத்தைக் கெடுக்கும்.

நான் செய்த பிழைகள்

ஒரு தடவையில் காரியம் முடிந்துவிடவில்லை. முதல் முயற்சியில் அழிக்கும் எல்லையை 61 என்று கொடுத்துவிட்டேன். குழலுக்குரிய நடுக்கட்டை பேஸில் தங்கி, பாட்டின் நடுவே உறுமியது. எல்லைக்கட்டை எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை முதலிலேயே உறுதி செய்க.

அடுத்து, பேஸ் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பி ஒலித்தன. காரணம் கால் பெடல். அதன் செய்தி 64-ஆம் எண் கட்டுப்பாடு. அது கட்டை எண்ணைப் பார்ப்பதில்லை. எனவே படியெடுத்தபோது இரு தடத்திலும் வந்துவிட்டது. மாஸ்டர் தம் ஸ்பிளிட் அமைப்பில் பேஸுக்குப் பெடலைத் தடுத்து வைத்திருந்தார். புதிய தடத்தில் அத்தடை இல்லை. பேஸ் தடத்திலிருந்து பெடல் செய்திகளை நீக்கியதும் தெளிந்தது. அவ்வாறே, பேஸை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வைத்திருந்த அமைப்பையும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

பலன்

பொங்கல் விடுமுறையில் மாஸ்டர் வீட்டிற்குச் சென்று, குழல் தடத்தை மௌனமாக்கிப் பேஸை மட்டும் ஒலிக்கவிட்டேன். சற்று நேரம் கேட்டிருந்தவர், "இது என் கைதான்" என்றார். வலக்கையைக் கட்டைமேல் வைத்தார். நான்கு வரிகள் போவதற்குள் நிறுத்தி, "என் இடக்கை என்னை முந்துது தம்பி" என்றார். நோய்க்குப் பின் வலக்கையும் சற்று நிதானமாகியிருந்தது.

நிமிடத்திற்கு 96 தட்டு என்றிருந்த தாளத்தை 84 ஆக்கினேன். பழைய டேப்பை மெதுவாக ஓட்டினால் சுருதியும் இறங்கும். இங்குப் பதிந்தது செய்தியே ஆதலால் சுருதி அசையவில்லை. தொடக்கத்தில் நான்கு தட்டுகளையும் சேர்த்தேன். இம்முறை பாடல் முடியும்வரை வாசித்தார். மறுவாரமே கருவியின் உறை நாற்காலி முதுகில் கிடந்தது.

நண்பர்களே, கலந்த பின் பிரிப்பது அரிது. கடலில் சேர்ந்த காவிரியை மதகு வைத்துப் பிரிப்பார் உண்டோ? உங்கள் வீட்டிலோ ஊரிலோ வாசிப்பவர் எவரேனும் இருப்பின், அவர் வாசிக்க இயலும்போதே, ஒவ்வொரு கைக்கும் ஒரு தடம் ஒதுக்கிப் பதிந்து வையுங்கள். எப்போது, யாருக்கு, எந்தக் கை தேவைப்படும் என்பதை முன்கூட்டி யாரும் அறியார்.