உறையிலிட்ட புரதக் கட்டிகளின் தகுதியை ஆய்தல்

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூத ஆலயத்தை அடுத்துள்ள தெரு ஜூ டவுன் எனப்படும். நறுமணப் பொருள் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற இத்தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் இன்றும் விற்கப்படுகின்றன. மிளகு கொள்வோர் அதனைக் கண்ணால் நோக்கியும், முகர்ந்தும், விரலால் நசுக்கியும் தரம் அறிவர். ஒரு லிட்டர் மிளகின் எடையும் தரத்தைக் காட்டும்; முற்றாத மிளகு இலேசானது. எரிசாராயத்தில் இட்டால் முற்றிய மிளகு அமிழும். பப்பாளி விதையும் சொத்தை மிளகும் மிதக்கும்.

'புரோட்டீன் பார்' என வழங்கும் புரதக் கட்டிக்கு இச்சோதனைகள் பயன்படா. அதன் பொருள்கள் அரைக்கப்பட்டு, பாகிட்டு இறுக்கப்பட்டவை. ஆகவே உறையின் பின்புறத்து எழுத்துக்களே நமக்குக் கண்ணும் மூக்குமாம். முன்புறத்துச் சொற்கள் விற்பனைக்கு உரியவை.

1. சேர்பொருள் வரிசை

இந்திய ஒழுங்குமுறைப்படி, சேர்பொருள்கள் தயாரிப்பின்போது இருந்த எடையின் இறங்குவரிசையில் குறிக்கப்படுகின்றன. முதலில் நிற்பது மிகுதியானது. முதல் மூன்று பொருள்களைப் படித்தாலே கட்டியின் இயல்பு பெரும்பாலும் விளங்கும்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சர்க்கரை, திரவ குளுக்கோஸ், தேன், பேரீச்சம்பாகு எனப் பல பெயர்களில் இனிப்புப் பொருள் பிரிந்து நின்றால், ஒவ்வொன்றும் வரிசையில் கீழே இறங்கிவிடும். அவற்றைச் சேர்த்து எண்ணினால் அவையே முதலிடம் பெறவும் கூடும்.

2. புரதத்தின் தோற்றுவாய்

உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, பொதுவாக 6.25 ஆல் பெருக்கிப் புரதம் கணக்கிடப்படுகிறது. இக்கணக்கு அளவைக் கூறுமேயன்றித் தரத்தைக் கூறாது. பால், மோர்த்தெளிவு, சோயா ஆகியவற்றின் புரதம் சிறந்தது. ஜெலட்டினில் டிரிப்டோபேன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. எனினும் அதுவும் கணக்கில் புரதமாகவே சேரும்.

ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பலாம். 1950-இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்கும் வறுத்த கடலைப்பருப்பு மாவு 25 பங்கும் கலந்து, வைட்டமின்களும் கால்சியமும் சேர்த்துப் பல்நோக்கு உணவை ஆக்கியது. நிலக்கடலையில் குறைந்த லைசின், கடலைப்பருப்பில் மிகுதி.

3. ஒரு கணக்கு

40 கிராம் எடையுள்ள கட்டியொன்றின் உறையில், 100 கிராமுக்குப் புரதம் 25 கிராம், சேர்த்த சர்க்கரை 25 கிராம் என இருப்பதாகக் கொள்வோம். கட்டியை உண்பவர் பெறுவது புரதம் 10 கிராம். சர்க்கரையும் 10 கிராம். உறைகளில் விழுக்காடு கணக்கிட நாளொன்றுக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்பது அடிப்படை. அதில் ஐந்திலொரு பங்கு இங்கேயே தீர்ந்தது. 65 கிலோ எடையுள்ள ஆடவருக்கு 2020-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகப் பரிந்துரை 54 கிராம் புரதம். அதில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவே கிட்டியது.

40 கிராம் வறுத்த நிலக்கடலை ஏறத்தாழ அதே புரதத்தைச் சேர்த்த சர்க்கரையின்றித் தரும். ஆனால் கொழுப்பு மிகுதியால் அதன் எரிசக்தி 200 கலோரிக்கு மேற்படும். ஒப்பிடுவோர் இரண்டையும் நோக்குதல் வேண்டும்.

4. எச்சரிக்கைகள்

'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்னும் கட்டியில் மால்டிடால் (எண் 965), சார்பிடால் (எண் 420) இருக்கலாம். இவை மிகுந்தால் வயிறு உப்பும், பேதியும் உண்டாகும். நிலக்கடலை, பால், சோயா, கோதுமை ஆகியவை ஒவ்வாதார்க்கு ஒவ்வாமைக் குறிப்பே முதலில் படிக்கத்தக்கது. நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்குச் சிறு துண்டும் உயிருக்கு ஊறு செய்யக்கூடும்.

பயிற்சி

மாணவர்கள் வெற்று உறைகளைக் கொணர்ந்து, (அ) இனிப்புப் பெயர்களை அடிக்கோடிடுக. (ஆ) ஒரு கட்டியிலுள்ள புரதத்தையும் சேர்த்த சர்க்கரையையும் கணக்கிடுக. (இ) ஒரு கிராம் புரதத்தின் விலையைக் கண்டு, நிலக்கடலையோடும் பொட்டுக்கடலையோடும் ஒப்பிடுக. களப்பணியாளர் இதனைத் தாய்மார் கூட்டங்களிலும் செய்து காட்டலாம். மிளகை நசுக்கிப் பார்த்து வாங்கும் மக்களுக்கு, உறையைத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கமும் எளிதில் கைவரும்.