விடுதலைக்குப் பின் வழக்கு மன்றம்

1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றது. ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைத்தளையினின்று விடுபட்டனர். அவர்களுக்கு நீதியும் கிட்டியதா என்பதை ஈண்டு நோக்குவோம்.

தென் மாநிலங்கள் பலவற்றில் வெள்ளையருக்கு எதிராக அவர்தம் சாட்சியம் ஏற்கப்படவில்லை. கூலி மறுக்கப்பட்டாலும் முறையிட இடமில்லை. எனவே, அவ்வாண்டு மார்ச் 3-இல் தோன்றிய விடுதலை பெற்றோர் பணியகம் தனி மன்றங்களை நிறுவியது. சிலவற்றில் பணியக அலுவலரோடு தோட்ட உடைமையாளர் சார்பிலும் விடுதலை பெற்றோர் சார்பிலும் ஒவ்வொருவர் அமர்ந்தனர். நேற்றுவரை விலைப்பொருளாக இருந்தவர் வாதியாக நின்றார்.

ஆயின், கறுப்பினத்தார் சாட்சியத்தை ஏற்பதாக மாநிலங்கள் உறுதி கூறியதும் வழக்குகள் மாநில மன்றங்களுக்கே சென்றன. ஆங்கே தீர்ப்பளித்தோர் பெரும்பாலும் பழைய எசமானரின் இனத்தவரே. பணியகமும் 1872-இல் மறைந்தது. சொல்லைச் செவிமடுக்கும் மன்றமின்றி விடுதலை நிறைவுறாது என்பதே நாம் பெறும் பாடம்.