பேச்சு நடக்கும்போது என்ன சொல்வது?

கேள்வி: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கிரிக்கெட் கிளப் நடத்துகிறோம். பட்டுக்கடை முதலாளி ஒருவர்தான் ஸ்பான்சர். நெசவுக் குடும்பத்துப் பையனான எங்கள் இடதுகை ஸ்பின்னரை, சென்னை லீகில் ஆடும் ஒரு டீம் கேட்டிருக்கிறது. பேச்சு இன்னும் முடியவில்லை. அதற்குள் ‘ஆளை வித்துட்டாங்க’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிறது. பையன் பிராக்டிஸுக்குச் சரியாக வருவதில்லை. ஸ்பான்சர் தினமும் போன் செய்கிறார். ‘அப்படி எதுவுமே இல்லை’ என்று மறுத்துவிடலாமா? ஜடேஜா விஷயத்தில் சிஎஸ்கேவே தடுமாறியதே!
— வாசகர், பிள்ளையார்பாளையம்

பதில்: மறுக்காதீர்கள். பேச்சு நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், சென்னைக்காரர்களுக்குத் தெரியும், பையனுக்கும் அரைகுறையாகத் தெரியும். இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் அவனை வழியனுப்பினால், பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் ஊர் நம்பாது.

ஐபிஎல்லில் நடந்ததையே பாருங்கள். 2023 நவம்பர் 26 அன்று குஜராத் டைட்டன்ஸ் தக்கவைத்த வீரர்கள் பட்டியலில் ஹர்திக் பாண்டியா பெயர் இருந்தது. மறுநாள் அவர் மும்பை இந்தியன்ஸுக்குப் போய்விட்டார் என்று அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. டிசம்பர் 15 அன்று, ஐந்து கோப்பை வென்று கொடுத்த ரோகித் சர்மாவுக்குப் பதில் ஹர்திக்தான் கேப்டன் என்று மும்பை அறிவித்தது. மார்ச் மாதப் பத்திரிகையாளர் சந்திப்பில் காரணம் கேட்டார்கள். பயிற்சியாளர் பவுச்சர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். விளைவை நாம் டிவியில் பார்த்தோம். அகமதாபாத்தில் தொடங்கி சொந்த மைதானமான வான்கடே வரை ஹர்திக்கைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். முடிவெடுத்தது நிர்வாகம். வசவை வாங்கியவர் டாஸ் போட நடந்து வந்த வீரர். இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். டீம் விளக்கம் சொல்லாமல் விட்டால், அந்தக் கடனை வீரர்தான் அடைக்க வேண்டியிருக்கும்.

சிஎஸ்கேவைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். 2022 சீசன் நடுவில் ஜடேஜா கேப்டன் பதவியை விட்டார், காயத்தால் வெளியேறினார், அவர் கிளம்பிவிடுவார் என்று ஆறு மாதம் பேச்சு ஓடியது. பிளவு எதுவும் இல்லை என்றார் தலைமை நிர்வாகி காசி விஸ்வநாதன். அந்த நவம்பரில் ஜடேஜாவைத் தக்கவைத்தும் காட்டினார்கள். அடுத்த மே மாதம் அகமதாபாத் ஃபைனலின் கடைசி இரண்டு பந்தில் அவர் அடித்த ஆறும் நாலும் யாருக்கு மறக்கும்? மறுப்பு உண்மையாக இருந்ததால் நிலைத்தது.

2025 நவம்பரில் கதை வேறு. ராஜஸ்தானிலிருந்து சஞ்சு சாம்சன் வருகிறார், பதிலுக்கு ஜடேஜாவும் சாம் கரனும் போகிறார்கள் என்று ஒரு வாரத்துக்கு மேல் செய்தி ஓடியபோது சிஎஸ்கே பெரிதாக வாய் திறக்கவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. வீரர் சம்மதிக்காமல் ஐபிஎல்லில் டிரேடு கிடையாது. ஜடேஜா, சாம் கரன், சாம்சன் என்று மூன்று பேர் சம்மதிக்க வேண்டும், பிறகு கிரிக்கெட் வாரியமும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் ஒருவர் மனம் மாறினால், முந்திச் சொன்ன டீம் அவர் முகத்தில் எப்படி விழிக்கும்? நவம்பர் 15 அன்று அறிவிப்பு வந்ததும் காசி விஸ்வநாதன் கேமரா முன் வந்தார். டாப் ஆர்டரில் ஒரு இந்திய பேட்ஸ்மேன் தேவைப்பட்டார், ஜடேஜாவிடம் பேசித்தான் செய்தோம், இது மிகக் கடினமான முடிவு என்று விளக்கினார். ரசிகர்களின் கோபம் தணியவில்லை என்பது உண்மைதான். ஆனால் காரணம் தெரிந்து கோபப்பட்டார்கள்.

சிஎஸ்கே தடுமாறியது என்றால் அது அதே ஆண்டு ஆகஸ்டில். டெவால்ட் பிரேவிஸை எடுத்த விதம் பற்றி, அப்போது அணியில் இருந்த அஸ்வின் தன் யூடியூப் சேனலில் ஏதோ சொல்லப்போக, 2.2 கோடிக்கு விதிப்படிதான் எடுத்தோம் என்று டீம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. அஸ்வினிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் உள்ளிருந்து பல வாய் பேசினால் இதுதான் நடக்கும். உங்கள் கிளப்பிலும் செயலாளர் ஒருவர் மட்டும் பேசட்டும். அம்பயரிங் செய்யும் அண்ணன் உட்பட மற்ற எல்லோரும் ‘செயலாளரைக் கேளுங்கள்’ என்று நிறுத்திக்கொள்ளட்டும்.

இப்போது பையன். இன்று மாலையே வீட்டுக்குப் போய், அவன் அப்பாவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் ஊரில் முன்பணம் வாங்கிய தறிக்காரர் முதலாளி மாறும்போது, பழைய பாக்கியைப் புது முதலாளி தீர்ப்பது உண்டு. இரண்டு முதலாளிகளும் தங்களுக்குள் முடித்துக்கொண்டு தறிக்காரரிடம் கடைசியில் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு எப்படியிருக்கும்? யார் கேட்டார்கள், தங்க இடம் தருவார்களா, வேலை ஏதும் உண்டா, எப்போது முடிவாகும் என்று தெரிந்த அத்தனையும் சொல்லுங்கள். போக விருப்பமா என்று கேளுங்கள்.

அவனே நேரடியாகச் சென்னைக்காரர்களிடம் பேசியிருந்தாலும் கோபிக்காதீர்கள். ராஜஸ்தான் ஒப்பந்தத்தில் இருந்தபோது வேறு டீமிடம் பேசியதற்காக ஜடேஜா 2010 சீசன் முழுக்கத் தடை வாங்கினார். அது ஐபிஎல் ஒப்பந்தம். நீங்கள் அந்தப் பையனுக்குக் கொடுப்பது ஷூவும் பஸ் காசும். சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் சென்னை லீகுக்கு வந்ததால்தான் 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு ஆடினார். வழியை அடைக்காதீர்கள்.

அவனும் சரி என்ற பிறகு குரூப்பில் இப்படிப் போடலாம்: ‘நம் ஸ்பின்னரைச் சென்னை டீம் ஒன்று கேட்டிருப்பது உண்மை. முடிவாகவில்லை. முடிவானதும் முதலில் இங்கேதான் சொல்வோம். அதுவரை அவன் நம் டீம் ஆள், ஞாயிறு மேட்ச் ஆடுகிறான். அவனுக்குப் போன் செய்து கேட்க வேண்டாம்.’ இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். வரும் கேள்விகளுக்கு அங்கே பதில் எழுதவும் வேண்டாம்.

ஸ்பான்சருக்கு இந்தச் செய்தி குரூப்பில் வருவதற்கு முன்பே, கடைக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அடுத்த டோர்னமென்ட் பேனரில் பையன் படம் போடலாமா என்று அவர் கேட்பார். போடுங்கள். கையெழுத்தாகும் வரை அதை எடுக்காதீர்கள். எடுத்தால் அதுவே அறிவிப்பாகிவிடும்.