வீட்டைக் கரையானிடமிருந்து காப்பது எப்படி?

கரும்புக் கரணையையும் நிலக்கடலைச் செடியையும் தாக்கும் கரையானை விவசாயிகள் நன்கு அறிவர். அதே கரையான் வீட்டுக்குள் நுழைந்தால் நிலை, ஜன்னல், உத்தரம் ஆகியவற்றோடு நிற்பதில்லை. மரப்பெட்டியில் வைத்த கிரயப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றையும் செல்லரித்துவிடும். சேதம் வெளியே தெரியும்போது மரத்தின் உட்பகுதி பெரும்பாலும் கூடாகியிருக்கும். ஆகவே வருமுன் காப்பதே சிறந்தது.

கரையானின் இயல்பு

கரையான் கூட்டமாக வாழும் பூச்சி. ராணி, ராஜா, வேலைக்காரக் கரையான், காவல் கரையான் என்று அதில் பிரிவுகள் உண்டு. மரத்தை அரிப்பவை வேலைக்காரக் கரையான்களே. ராணி மண்ணுக்கடியில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் முட்டையிடும். மழைக்குப்பின் விளக்கைச் சுற்றும் ஈசல்கள் சிறகு முளைத்த கரையான்களே. சிறகை உதிர்த்தபின் அவை இணை சேர்ந்து மண்ணில் புதுக் குடியிருப்பைத் தொடங்கும்.

கரையானின் உடல் மென்மையானது. வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து இறந்துவிடும். எனவே, மண்ணை உமிழ்நீரால் குழைத்துக் குழாய் போன்ற பாதை அமைத்து அதற்குள்ளேயே நடமாடும். மண்ணிலிருந்து மரத்துக்குச் செல்லும் இந்த வழியை அடைப்பதும், ஈரத்தைக் குறைப்பதுமே தடுப்பின் அடிப்படை.

கண்டறிதல்

சுவர் மூலை, நிலைக்கால், அலமாரியின் பின்புறம் ஆகிய இடங்களை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மண் பாதை தென்பட்டால் சிறு பகுதியை மட்டும் உடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பார்க்கவும். மீண்டும் பூசப்பட்டிருந்தால் கரையான் உயிருடன் நடமாடுகிறது என்று அறியலாம். மரத்தைத் தட்டினால் வெற்றோசை கேட்பதும் ஓர் அறிகுறியே. மண் இல்லாமல் மாவு போன்ற தூள் மட்டும் உதிர்ந்தால் அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் வேலையாகும்.

வீடு கட்டும்போது

1. அஸ்திவாரக் குழியில் மரத்தின் வேர், அடிக்கட்டை, சாரப்பலகைத் துண்டு எதையும் விட்டு மூடக்கூடாது.

2. மரத்தூணை நேரடியாக மண்ணில் நடக்கூடாது. பழைய வீடுகளில் திண்ணைத் தூண்கள் கருங்கல் பாதத்தின்மேல் நிற்பதைக் காணலாம். அது இன்றும் பின்பற்றத்தக்க முறை.

3. தேக்கு, வைரம் பாய்ந்த பனை போன்றவற்றைக் கரையான் எளிதில் தாக்குவதில்லை. எந்த மரமானாலும் வெளிறுப் பகுதியை நீக்கிவிட வேண்டும்.

4. குளியலறை நீரும் கூரை நீரும் சுவரோரம் தேங்காமல் வடிய வேண்டும்.

குடியிருக்கும் வீட்டில்

விறகையும் வைக்கோலையும் சுவரையொட்டி அடுக்கக்கூடாது. தானிய மூட்டைகளை மரச்சட்டங்களின்மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கவும். பத்திரங்களைத் தகரப்பெட்டியில் வைத்து, தரையில் படாமல் உயரத்தில் வைக்கவும்.

மண் பாதையைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவுவதால் பயன் குறைவு. தொட்ட கரையான் மட்டுமே சாகும். மண்ணுக்கடியிலுள்ள கூட்டம் வேறு வழியில் வரும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

தாக்குதல் தொடர்ந்தால் கட்டடங்களுக்கென விற்கப்படும் இமிடாகுளோப்ரிட் 30.5 சத மருந்தைப் பயன்படுத்தலாம். வயலில் தெளிக்கும் 17.8 சத மருந்து இதற்கு உரியதன்று. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி வீதம் கலக்கவும். தரையும் சுவரும் சேருமிடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு, துளைக்கு ஒரு லிட்டர் கரைசல் ஊற்றிச் சிமெண்டால் அடைக்கவும். 30 மீட்டர் நீளச் சுவருக்குச் சுமார் 100 துளைகளும், 100 லிட்டர் கரைசலும், அதற்கு 210 மில்லி மருந்தும் தேவைப்படும்.

எச்சரிக்கை

ஒரு காலத்தில் ஆல்டிரின், ஹெப்டகுளோர், பி.எச்.சி. ஆகியவை கரையானுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. இவை மண்ணில் நெடுங்காலம் சிதையாமல் தங்கி, உணவின் வழியே மனித உடலிலும் சேருவதால் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. ஆல்டிரினும் ஹெப்டகுளோரும் 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றன. பழைய டப்பாவில் மிச்சமிருந்தாலும் இவற்றைத் தொடக்கூடாது.

கிணற்றுக்கு அருகிலும், தானியம் வைத்த அறையிலும் எந்த மருந்தையும் ஊற்றக்கூடாது. வேலை செய்பவர் கையுறை அணிய வேண்டும். குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்பால் வைக்கவும். காலி டப்பாவைத் துளையிட்டு நசுக்கிவிடவும்; தண்ணீர் மொள்ள எடுக்கவே கூடாது.

வீட்டையொட்டிய புற்றை வெட்டுமுன் பாம்பு இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். தரிசிலும் தோப்பிலும் உள்ள புற்றுகளை விட்டுவிடலாம். அங்கே உலர்ந்த சருகையும் கட்டையையும் மட்கச் செய்து மண்ணுக்கு வளம் சேர்ப்பது கரையானே. அதை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தினால் போதுமானது.