கரடியனாற்றுக் காட்டுத் தடங்கள்

அன்பின் மருமகள் நிவேதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிட்னியில் இருக்கும் உன் மச்சாள் அங்குள்ள நீலமலைக் காட்டில் ஒருநாள் நடை போய்ப் படங்கள் அனுப்பியிருக்கிறாள், "நமக்கு ஏன் மாமா இப்படி ஒன்றும் இல்லை?" என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது, பிள்ளை. மட்டக்களப்பில் பஸ் ஏறி, செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால், கறுத்தப்பாலம், பங்குடாவெளி, இலுப்படிச்சேனை, அதற்கு அடுத்தது கரடியனாறு. காலையில் புறப்பட்டு, நடந்து, மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம்தான். இன்னும் மேற்கே போனால் உறுகாமம், கித்துள், கோப்பாவெளி, பெரியபுல்லுமலை. அந்த வீதியின் இரண்டு பக்கமும் காடும் வயலும் குளமும் மாறி மாறி வரும்.

உன் மச்சாள் போகும் தடத்தை நடப்பவர்களுக்காகவே வெட்டி, பலகை நட்டு, தூரமும் எழுதிவைத்திருப்பார்கள். 1927இலேயே சிட்னியில் காட்டு நடைக்காரர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். கரடியனாற்றில் நடைக்கென்று யாரும் தடம் போடவில்லை. இங்குள்ள ஒவ்வொரு தடமும் யாரோ ஒருவருடைய தொழிலுக்கு உரியது. பட்டிக்கு மாடு போன தடம், வயல் வட்டைக்கு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் போன தடம், தேனெடுக்கிறவரும் விறகு பொறுக்குகிறவரும் போன ஒற்றையடிப்பாதை. அதனால் இங்கே நடக்க விரும்புகிறவர் முதலில் அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். மிச்சமாக நான் எழுதப்போவதெல்லாம் இதற்குப் பின்னால் வருவதுதான்.

உன் அம்மா மறிக்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறாய். அவளைக் குறை சொல்லாதே. 2007 ஜூலையில் குடும்பிமலையைப் புலிகளிடமிருந்து இராணுவம் பிடிக்கும்வரை, வாவிக்கு மேற்கே படுவான்கரையின் இந்தப் பக்கம் முழுக்கப் போர்க்களம். அந்த வருடம் இங்கிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களில் நம் குடும்பமும் அடக்கம். போர் முடிந்த பிறகும், 2010 செப்டம்பர் 17ஆம் திகதி, வீதி வேலைக்கென்று கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் கொள்கலன்களில் வைத்திருந்த டைனமைட் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேலைக்கு வந்திருந்த சீனர்கள் இருவரும் அதில் போனார்கள். பதுளை வீதி என்றதும் உன் அம்மாவுக்கு மனதில் வருவது இதெல்லாம். 2017 ஜூனில்தான் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றி முடிந்த மாவட்டமாக அறிவிக்கப்பட்டது, இலங்கையில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் மாவட்டம் இதுதான். போருக்குப் பிறகு கண்ணிவெடிப் பயமில்லாமல் இந்தக் காட்டுக்குள் கால் வைக்கக்கூடிய முதல் தலைமுறை உன்னுடையது. ஆனாலும் ஒன்றை மறக்காதே: துருப்பிடித்த இரும்போ, குழாய் போன்ற எதுவோ, கம்பி சுற்றிய பெட்டியோ தடத்தோரத்தில் கிடந்தால் தொடக்கூடாது, காலால் தட்டவும் கூடாது. இடத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்து பொலிசுக்குச் சொல்ல வேண்டும்.

எப்போது போவது? கார்த்திகை முதல் தை வரை மாரி. குளங்கள் நிறைந்து வான் பாயும், மேற்கே பெய்த மழையில் ஆறு திடீரென்று ஏறும், தாண்டிப் போன ஓடையைத் திரும்பித் தாண்ட முடியாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும், பத்து மணிக்கே நாக்கு வறளும். எனக்குப் பிடித்தது மாசியும் பங்குனியும். மழை விட்டிருக்கும், காடு பச்சையாக இருக்கும், வெள்ளாமை வெட்டு நடப்பதால் வட்டையெல்லாம் ஆளும் மெசினுமாக இருக்கும். ஆள் நடமாட்டம் உள்ள காலம்தான் புதிதாக நடப்பவருக்கு நல்ல காலம்.

முதல் நடையை உறுகாமம் குளக்கட்டில் வைத்துக்கொள்ளலாம். அது பழைய குளம், ஆங்கிலேயர் காலத்தில் திருத்திக் கட்டியது. கட்டில் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், வழி தவற இடமில்லை. கால் பழகிய பிறகு கரடியனாற்றுக் குசலானமலை. உச்சியில் முருகனைக் கும்பிடுகிற இடம், பாறைகளில் பிராமி எழுத்து வெட்டியிருக்கிற இடமும் அதுதான். ஈராயிரம் வருடம் நின்ற எழுத்துக்குப் பக்கத்தில் தன் பெயரைக் கீறிவிட்டு வருகிறவனை என்னால் மன்னிக்க முடிவதில்லை. உன் கூட்டத்தில் அப்படி யாரும் இருந்தால் முதலிலேயே சொல்லி வை. வெயில் ஏறமுன் ஏறி இறங்கிவிடு, பாறையில் பெருந்தேன் கூடு கண்டால் சத்தமும் புகையும் இல்லாமல் விலகிப் போ.

மூன்றாவதாக உன்னிச்சைக் குளம். நகரத்தில் உன் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் உன்னிச்சையில் எடுத்து, வவுணதீவில் சுத்திகரித்து அனுப்பப்படுவது. அந்தக் குளத்தையும் அதற்குத் தண்ணீர் தருகிற காட்டையும் நீ ஒருமுறையாவது காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. குளத்தில் இறங்கிக் குளிக்க நினைக்காதே. முதலை உண்டு. ஊர்ச்சனம் குளிக்கிற துறை எது என்று கேட்டு, அங்கே மட்டும் கால் நனை.

இனி யானை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே நடையின் நேரத்தைத் தீர்மானிப்பதே யானைதான். விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு காட்டுக்குள் போக வேண்டும், பின்னேரம் மூன்று மணிக்கு முன் வீதிக்கு வந்துவிட வேண்டும். நாலு மணிக்குப் பிறகு குளத்தோரம் அவைக்குச் சொந்தம். மூன்று மணிக்கு வீதிக்கு வர வேண்டுமானால், எங்கே நின்றாலும் பதினொன்றரைக்குத் திரும்பிவிட வேண்டும். இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதே.

தடத்தில் லத்தி கண்டால் நின்று பார். மேலே காய்ந்து வெளுத்து, உள்ளே கறையான் ஏறியிருந்தால் பழசு. வெளிப்பக்கம் ஈரமாக மினுங்கி, ஈ மொய்த்து, மேலே கை பிடித்தால் சூடு தெரிந்தால், அது பக்கத்தில்தான் நிற்கிறது. சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பு. ஈர மண்ணில் அடித்தடம் இருந்தால் முன்னங்காலைப் பார்த்துப் பழகு. முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்னங்கால் தடம் சற்று நீண்டிருக்கும். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைச் சால்வையால் அளந்து இரண்டால் பெருக்கினால், தோள்வரையான உயரம் ஏறக்குறைய வரும். சுற்றளவு 130 சென்ரிமீற்றர் என்றால் ஆள் இரண்டரை மீற்றருக்கு மேல், பெரும்பாலும் கொம்பனோ அலியனோ, தனியாகத் திரிகிற ஆணாக இருக்கும். கூட்டத்தை விடத் தனியனுக்குத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும். மரத்தில் சேறு பூசியிருக்கிறதா, எந்த உயரத்தில் பூசியிருக்கிறது என்றும் பார். யானைக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். அதனால் காற்று உன் முதுகிலிருந்து முன்னால் அடிக்கும்போது நீ வருவது அதற்கு முதலே தெரியும். காற்று உன் முகத்தில் அடிக்கும்போதுதான் இரண்டு பேரும் திடீரென்று சந்திக்க நேரிடும், அப்படியான நாளில் வளைவுகளில் பேசிக்கொண்டே நட. கண்டுவிட்டால் படம் எடுக்க நிற்காதே. இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வருடமும் யானையால் ஆட்களும் ஆட்களால் யானைகளும் சாவது உனக்குத் தெரியும்.

பாலைமரம் பழுக்கிற வைகாசி, ஆனியில் கரடியும் மரத்துக்கு வரும். நமக்கும் அந்தப் பழம் விருப்பம், பால் ஒட்டி உதடு பிசுபிசுக்கத் தின்கிறோம். கரடிக்கு அது பருவத்துச் சாப்பாடு. கிட்ட வரும்வரை தெரியாமல் இருந்து, திடுக்கிட்டால் முகத்தில் அடிக்கும். பாலைமரத்தடிக்குப் போகுமுன் கொப்பை அண்ணாந்து பார், கைதட்டு. பாம்பில் புடையனும் சுருட்டையும் கவனம். கணுக்காலை மூடும் சப்பாத்து, நீளக் காற்சட்டை போடு, கட்டையைத் தாண்டும்போது முதலில் கட்டையின் மேல் ஏறி, அடுத்த பக்கம் பார்த்துவிட்டு இறங்கு. கடித்துவிட்டால் வெட்டாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, பாம்பைத் தேடி நேரம் போக்காதே. மோதிரம், காப்பைக் கழற்றி, காலை அசையவிடாமல் வைத்து 1990 அம்புலன்சுக்கு எடு. போதனா வைத்தியசாலை வரை போவது மட்டும்தான் அப்போது வேலை.

விலங்கை விட மனிதன் வைத்ததற்கு நான் கூடப் பயப்படுவேன். மிருகம் போகிற ஒற்றைத் தடத்தில் மெல்லிய கம்பி குறுக்கே இழுத்துக் கட்டுத்துவக்கு வைத்திருப்பார்கள். பழத்துக்குள் பன்றிக்கென்று வெடி பொதிந்து போட்டிருப்பார்கள், அதைக் கடித்து வாய் கிழிந்து செத்த யானைக் குட்டிகள் எத்தனை. வயலைச் சுற்றி, மின்சாரக் கம்பியிலிருந்து நேரே களவாக இழுத்த வேலியும் இருக்கும். ஆகவே எந்தக் கம்பியையும் தொடாதே, காட்டில் கிடக்கிற பூசணியை எடுக்காதே. தடம் இரண்டாகப் பிரிந்தால், இன்றைக்குப் போன மாட்டின் சாணியும் டயர் பதிவும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போ. இரண்டிலும் இல்லையென்றால் திரும்பு. வன இலாகாவின் எல்லைக் கல்லைக் கண்டால், அனுமதி எடுக்காமல் அதற்கு அப்பால் போகக்கூடாது.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், கட்டுச்சோறு, தொப்பி, முழுக்கைச் சட்டை, விசில், காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக் கட்டத் துணி (வயற்சேற்றில் எலிக்காய்ச்சல் வரும்). பொலித்தீன் ஒன்றையும் விட்டுவிட்டு வராதே. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் அதைத் தின்று யானைகள் செத்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

வழி கேட்கவும் கூட வரச் சொல்லவும் பட்டிக்காரரிடம் போகும்போது மரியாதையாகப் போ. நாய்க்கு எட்டாத தூரத்தில் நின்று "ஐயா" என்று கூப்பிடு, அவர் வரும்வரை நில். மாடு பால் கறக்கிற நேரத்தில் கூட்டமாக உள்ளே போகாதே. தயிர் தந்தால் காசைக் கொடு, வேண்டாம் என்றால் மறுமுறை வரும்போது வெற்றிலை பாக்கு கொண்டுபோ. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட உட்கார்ந்தவர்கள் இவர்களுடைய ஆட்கள்தான். அங்கே மாடு போவது நின்றால் தடமும் இரண்டு மாரியில் பற்றை மூடிப்போகும், எனக்கும் உனக்கும் நடக்க வழி இருக்காது. அவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டு வா. எந்த மடுவில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கம் தனியன் திரிகிறது என்பதெல்லாம் அந்தக் கதைக்குள்தான் வரும், தனியாகக் கேட்டால் வராது.

நீலமலைக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் எந்த வழி, எத்தனை பேர், எப்போது திரும்புவது என்று படிவம் நிரப்பிக் கொடுப்பதுண்டு என்று உன் மச்சாள் சொல்லியிருப்பாள். நீயும் ஒரு கொப்பித் தாளில் அதையே எழுதி அம்மாவிடம் கொடு. கூட வருகிற பட்டிக்காரரின் போன் நம்பரையும் எழுது. மூன்று மணிக்கு வீதிக்கு வந்ததும் நீ அழைப்பாய் என்றும், நாலரை வரை அழைப்பு இல்லையென்றால் யாரை எடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். காட்டுக்குள் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது என்பதையும் அவளுக்கு முதலே சொல்லிவிடு, இல்லாவிட்டால் பத்து மணிக்கே தவிக்கத் தொடங்குவாள்.

மாசியில் வெள்ளாமை வெட்டு தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை வா. நாலு பேருக்குக் குறையாமல் வாருங்கள், எட்டுக்கு மேல் வேண்டாம். நான் இலுப்படிச்சேனையில் ஏறிக்கொள்கிறேன். முதல் பஸ்ஸை விட்டுவிட்டால் அன்றைக்குப் போக வேண்டாம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அடுத்த சனிக்கு வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
மாமா